தினசரி பஸ் பயணத்தில் பிறந்த பாட்டை வெளியிடுவது எப்படி? கையைச் சுட்டுக்கொண்டவனின் வழிகாட்டி

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவன் நான். நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அய்யம்பேட்டையில் தூக்கம் கலையும், பாபநாசத்தில் கூட்டம் ஏறும், தாராசுரம் வந்தால் பையைத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பயணத்தில் எனக்கு ஒரு பாட்டு கிடைத்தது. சினிமாவுக்கு இல்லை, தனிப்பாட்டு, மூன்று நிமிஷம்.

பாட்டை எழுத ஒரு வாரம்தான் ஆனது. அதை ஒழுங்காக வெளியே கொண்டுவர எட்டு மாதம். அதில் உருப்படியான வேலை நடந்தது இரண்டு மாதம். மீதி ஆறு மாதமும் என் தப்பை நானே திருத்திக்கொண்டிருந்தேன். நீங்களும் பஸ்ஸிலோ பாசஞ்சர் ரயிலிலோ உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வருகிறவர் என்றால், இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள். பணம் கட்டும் முன் அந்தந்தத் தளத்தில் அன்றைய கட்டணத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

1. பல்லவியை பஸ்ஸிலேயே தேடுங்கள்

வீட்டுக்கு வந்து யோசித்தால் "ஜன்னலோரம், மழைத்துளி, உன் ஞாபகம்" என்றுதான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது, பதினாறு வரி. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

பஸ்ஸில் ஜனங்கள் நிஜமாகச் சொல்வதைக் கேளுங்கள். டிக்கெட் கேட்கும்போது யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை. "கும்பகோணம் ஒண்ணு." அவ்வளவுதான். இதை நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கும்ப, கோணம், ஒண்ணு: மூன்றும் ஒரே அளவு, மூன்றும் தேமா. தகிட தகிட தகிட என்று தானாகவே திஸ்ர நடையில், அதாவது மூன்று மூன்றாக எண்ணும் தாளத்தில், உட்காருகிறது. நாலாவது தகிட காலியாகக் கிடக்கும். அந்த இடத்தில் கண்டக்டர் விசில். என் பல்லவி அவ்வளவுதான். மெட்டுப் போட்ட நண்பன் ஒரு மாத்திரைகூட மாற்றவில்லை.

உங்கள் ஊர்ப் பெயர் வேறு நடைக்குப் போகலாம். "திருவாரூர் ரெண்டு" என்பது வேறு தாளம், "மன்னார்குடி ஒண்ணு" வேறு தாளம். பெயரை மெட்டுக்காக இழுக்காதீர்கள். அந்த வழியில் தினமும் போகிறவர் காதில் அது உடனே உறுத்தும்.

ஒரு எச்சரிக்கை: விஷயம் தெரிந்தவரிடம் காட்டாமல் முடிக்காதீர்கள். பாட்டு நிற்கும் இடத்தில் அழகாக இருக்கிறதே என்று இரண்டு விசில் வைத்திருந்தேன், திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒன்று. கேட்டுவிட்டு ஒரு கண்டக்டர் அண்ணன் சொன்னார்: "தம்பி, உங்க பாட்டுல பஸ் நிக்க வேண்டிய இடத்துல போகுது, போக வேண்டிய இடத்துல நிக்குது." ஒரு விசில் நில், இரண்டு விசில் போ. இத்தனை வருஷம் பஸ்ஸில் போகிறேன், இதைக் கவனிக்கவே இல்லை.

2. பஸ் சத்தத்தைப் பதிவு செய்யும்போது

என் பணம் அதிகமாகத் தண்டம் போனது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

போனை விமானப் பயன்முறையில் போடுங்கள்; இல்லாவிட்டால் சரியாக விசில் அடிக்கும் நேரத்தில் வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்பார்கள். சாதாரணப் பதிவுச் செயலிகள் சத்தத்தைச் சுருக்கிச் சேமிக்கும். வேவ் ஃபைலாகச் சேமிக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கும். ஜன்னலோரம் வேண்டாம், காற்று மைக்கில் படபடவென்று அடிக்கும். கைக்குட்டையை ஒரு மடிப்பு மடித்து மைக் மேல் போட்டாலே பாதிக் காற்று நிற்கும். எஞ்சின் சத்தம் வேண்டுமென்றால் முன் பக்கம், தகரம் ஆடும் சத்தம் வேண்டுமென்றால் கடைசி சீட்.

எஞ்சின் உறுமல் பற்றி ஒன்று. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்றில் நின்றபடி ஓடினால் வினாடிக்கு 30 துடிப்பு வரும். அது காதுக்கு எட்டும் எல்லையின் அடிமட்டம். போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது, ஆனால் எல்லாச் சத்தத்தையும் சேர்க்கும் கலவையில் (மிக்சிங்) பேஸ் கிதாரையும், தவிலின் தொப்பி என்கிற கனத்த சத்தப் பக்கத்தையும் விழுங்கிவிடும். பஸ் சத்தத்தில் மட்டும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். உறுமல் மாதிரி நாம் உணர்வது அதற்கு மேலே இருக்கும் சத்தம்தான், அது போகாது.

இப்போது பெரிய பொறி. பஸ்ஸில் பாட்டு ஓடும். நமக்குக் காது பழகிவிட்டதால் அது கேட்பதே இல்லை. நான் ஆசை ஆசையாகப் பதிவு செய்த நாற்பது வினாடியில், பின்னால் மெலிதாக ஒரு பழைய சினிமாப் பாட்டின் இடையிசை. கலவை முடித்த நண்பனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வீடியோ தளத்தின் தானியங்கிச் சோதனை கண்டுபிடித்துவிட்டது. என் பாட்டின் வருமானம் இன்னொருவர் கணக்கில் போய் விழ ஆரம்பித்தது. மறுத்து எழுத எனக்கு நியாயமும் இல்லை, அது அவர்கள் பாட்டுதானே. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மறுபடி கலவை செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே விடிகாலை முதல் பஸ்ஸில் பதிவு செய்யுங்கள், டிரைவர் பாட்டுப் போடுவதற்கு முன். பதிவு செய்ததை வீட்டில் ஹெட்போன் போட்டு, சத்தத்தை உயர்த்தி, கண்ணை மூடிக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

கண்டக்டர் குரலை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அவர் வேலையில் இருக்கிறவர், அவருக்கு மேலே அதிகாரிகள் இருக்கிறார்கள். அந்தக் குரலை ஒரு நண்பனை வைத்துப் பேச வையுங்கள். விசிலும் அப்படித்தான்: முப்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கி ஸ்டுடியோவில் ஊதினேன், பஸ்ஸில் பதிவு செய்ததைவிடச் சுத்தமாக வந்தது.

3. யார் எதைச் செய்தது என்று முதல் நாளே எழுதுங்கள்

பாட்டு என்பது நமக்கு ஒன்று, சட்டத்துக்கு மூன்று. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு, மெட்டு ஓர் இசைப் படைப்பு, பதிவான ஒலி மூன்றாவது. மூன்றுக்கும் மூன்று சொந்தக்காரர்கள் இருக்கலாம். இது மண்டையில் ஏறிவிட்டால் பின்னால் வரும் படிவங்கள் எல்லாம் எளிது.

நாங்கள் மூன்று பேர். வரி நான், மெட்டு நண்பன், வாத்திய அமைப்பு என் சித்தப்பா பையன். டீக்கடையில் பேசிக்கொண்டோம், "எல்லாம் சமமாப் பாத்துக்கலாம்டா" என்று. பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் நிறுவனத்தின் விநியோகப் படிவத்தில் பங்கு எவ்வளவு சதவீதம் என்று கேட்டபோதுதான், ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு "சமம்" இருந்தது தெரிந்தது. மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொருவரின் பெயர், பான் அட்டையில் இருக்கிற மாதிரியே. யார் எந்தப் படைப்புக்கு எவ்வளவு பங்கு. செலவு யாருடையது, அதை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு பிரிப்பதா, இல்லையா. விநியோகக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும். ஒருவர் பிறகு பாட்டை இறக்கச் சொன்னால் என்ன செய்வது. கடைசிக் கேள்வி அபசகுனம் மாதிரி இருக்கும். அதையும் எழுதுங்கள்.

உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பதாக இருந்தால் வாய்ப்பேச்சு செல்லாது. எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். யாராவது சின்ன இசைக் கம்பெனி "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று தாளை நீட்டினால் இந்த இரண்டு வரியும் என்ன சொல்கிறது என்று தேடுங்கள். வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வர வேண்டிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது என்று 2012 திருத்தத்தில் வந்துவிட்டது. "எல்லா ராயல்டியும் எங்களுக்கே" என்று எழுதியிருந்தால், எதிரில் இருப்பவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

முத்திரைத்தாள் வேண்டுமா, எவ்வளவுக்கு என்பதை மட்டும் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தவில் வாசித்தவருக்குப் பணம் கொடுத்தபோது ரசீதோடு, இந்தப் பாட்டில் வாசித்ததைப் பயன்படுத்தச் சம்மதம் என்று இரண்டு வரி வாங்கிக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். பிறகு ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமைப் பதிவு செய்யப் போனபோது அந்தத் தாளும் கோப்பில் ஏறியது.

4. ரெடிமேட் பீட் வாங்குகிறீர்களா?

இணையத்தில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு பீட், அதாவது தயாராகச் செய்து வைத்த பின்னணி இசை, கிடைக்கும். அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாடகை; சொந்தம் இல்லை. அதே பீட் இன்னும் ஐம்பது பேரிடம் இருக்கும். உரிமத்தில் இத்தனை முறை கேட்கப்படும் வரைதான் செல்லும் என்று ஒரு வரம்பு இருக்கும், வீடியோ தளத்தின் தானியங்கி உரிமைச் சோதனையில் சேர்க்கக் கூடாது என்றும் இருக்கும். நான் முதலில் ஒன்று வாங்கி, உரிமத்தைப் படிக்காமல், விநியோகப் படிவத்தில் எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டேன். பீட் செய்தவர் எழுதிய கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. அந்த 1,700 ரூபாய் போனது போனதுதான். பஸ் பாட்டுக்கு ஒரு தவிலும் விசிலும் போதாதா என்று அப்புறம்தான் தோன்றியது.

5. ஸ்டுடியோவில் கேட்டு வாங்க வேண்டியவை

ஒத்திகை பார்த்துவிட்டுப் போங்கள். மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சரணத்தை மாற்ற உட்காரக் கூடாது. கிளம்பும் முன் இவை கையில் இருக்க வேண்டும்: இறுதிக் கலவை வேவ் ஃபைலாக, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட். குரல் இல்லாத வடிவம் ஒன்று. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடமாக. தனித்தடங்களை அன்றைக்கே வாங்காததால் மறுகலவைக்கு இன்னும் 2,000 கொடுத்தேன்.

சத்தம் அதிகமாக இருந்தால்தான் பாட்டு எடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க விடுகின்றன. நசுக்கி நசுக்கி ஏற்றிய பாட்டு அங்கே தட்டையாகத்தான் கேட்கும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கச் சொல்லுங்கள்.

6. அட்டைப்படம்

சதுரம், 3000-க்கு 3000 பிக்சல். என் யோசனை பிரமாதம் என்று நினைத்திருந்தேன்: நிஜமான பஸ் டிக்கெட்டைப் பெரிதாக்கி அட்டையாகப் போடுவது. விநியோக நிறுவனத்திடமிருந்து இரண்டே நாளில் திரும்பி வந்தது. அட்டையில் விலை இருக்கக் கூடாதாம். டிக்கெட்டில் கட்டணம் இல்லாமல் என்ன இருக்கும்! இணைய முகவரி, தொலைபேசி எண், சமூக ஊடகப் பெயர், தளங்களின் சின்னம் எதுவும் கூடாது. போக்குவரத்துக் கழகத்தின் முத்திரையோ அரசுச் சின்னமோ படத்தில் விழாமல் பாருங்கள். அட்டையில் இருக்கும் பாட்டுப் பெயரும் படிவத்தில் எழுதும் பெயரும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. கடைசியில் ஒரு மாணவியிடம் 1,000 ரூபாய் கொடுத்து, கம்பியைப் பிடித்திருக்கும் கைகளை மட்டும் வரைந்து வாங்கினேன். டிக்கெட்டைவிட அதுதான் நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

7. பதிப்புரிமைப் பதிவு: வேண்டுமா?

கட்டாயம் இல்லை. எழுதிய அன்றே உரிமை உங்களுடையது. பதிவுச் சான்றிதழ், தகராறு வந்தால் காட்ட ஒரு பலமான சாட்சி, அவ்வளவுதான். பாட்டை எழுதித் தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பிக்கொள்வது ஊரெல்லாம் சொல்லும் யோசனை. அது பதிவு ஆகாது.

மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத் தளத்தில் 14-ஆம் எண் படிவம். வரிகளுக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000. மூன்றும் தனித்தனி விண்ணப்பம். படைத்தவர் ஒருவர், விண்ணப்பிப்பவர் இன்னொருவர் என்றால் படைத்தவரிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்ற கடிதம். ஒலிப்பதிவு விண்ணப்பத்துக்கு வரி, மெட்டு, குரல் எல்லோருடைய சம்மதமும் கையில் இருக்கட்டும். மூன்றாம் படியில் எழுதிய தாள் இங்கே வேலைக்கு வரும்.

பணம் கட்டியதும் டைரி எண் வரும். அதிலிருந்து 30 நாள் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று காத்திருப்பார்கள். பிறகுதான் பரிசீலனை. குறை இருந்தால் மின்னஞ்சலில் கேட்பார்கள், பதிலுக்கும் 30 நாள். எனக்கு அந்தக் கடிதம் ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. இருபத்தேழாம் நாள் தற்செயலாகப் பார்த்தேன். டைரி எண் வந்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை ஸ்பேமைத் திறந்து பாருங்கள்.

சான்றிதழுக்காகப் பாட்டை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. விண்ணப்பித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

8. விநியோக நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் தனி ஆள் நேராகப் பாட்டேற்ற முடியாது. நடுவில் விநியோக நிறுவனம் ஒன்று வேண்டும். மூன்று மாதிரி இருக்கிறார்கள். வருடச் சந்தா வாங்குகிறவர்கள்; ஒரு பாட்டுக்கு ஒருமுறை கட்டணம் வாங்குகிறவர்கள்; இலவசமாக ஏற்றி வருமானத்தில் பங்கு எடுக்கிறவர்கள். வருடத்துக்கு நாலைந்து பாட்டு போடுவீர்கள் என்றால் சந்தா. ஒரே பாட்டு என்றால் சந்தா பொறி: அடுத்த வருடம் கட்ட மறந்தால் பல இடங்களில் பாட்டை இறக்கிவிடுவார்கள். நான் ஒருமுறைக் கட்டணத்துக்குப் போனேன், ஏறக்குறைய 900 ரூபாய்.

கணக்குத் தொடங்கும்போது நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். வங்கியில் இனிஷியலோடு பெயர், பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து, ஆதாரில் வேறு மாதிரி. வருமானம் வரும்போது பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். பாட்டு எழுத உட்காரும் முன்பே இதைச் சரிசெய்ய விண்ணப்பம் போடுங்கள். கேலி இல்லை, மூன்றையும் ஒன்றாக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது.

நிறுவனம் அமெரிக்காவில் இருந்தால் டபிள்யூ-8பென் என்ற வருமான வரிப் படிவம் கேட்கும். நிரப்பாவிட்டால் அமெரிக்காவிலிருந்து வரும் ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள். இந்தியாவுடனான வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு, பான் எண்ணையும் கொடுத்தால் 15 சதவீதம். பத்து நிமிஷ வேலை.

கலைஞர் பெயரை முன்கூட்டித் தேடிப் பாருங்கள். என் பெயரிலேயே இன்னொருவர் பக்திப் பாடல் பாடிக்கொண்டிருந்தார். என் பஸ் பாட்டு அவர் பக்கத்தில், முருகன் பாட்டுக்கும் ஐயப்பன் பாட்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. மீட்டு எடுக்க மூன்று வாரம். படிவத்தில் "புதிய கலைஞர், பக்கம் இல்லை" என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேடி அழுத்துங்கள்.

பாட்டுப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டி வந்தால் ஒரே எழுத்துமுறையை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். "ஒண்ணு" என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எங்கள் மூவருக்குள்ளேயே நாலு கருத்து.

ஏற்றியதும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து எண் ஒன்று கொடுப்பார்கள். அந்த ஒலிப்பதிவுக்கு அது ஆதார் எண் மாதிரி. குறித்து வையுங்கள். நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறினால் இதே எண்ணைக் கொடுத்து ஏற்ற வேண்டும். புது எண் வாங்கினால் அதுவரை கேட்ட கணக்கு பழைய எண்ணோடு போய்விடும். வீடியோ தளத்தின் உரிமைச் சோதனையில் சேர்க்கவா என்று கேட்கும் பெட்டியை, பாட்டில் ஒவ்வொரு சத்தமும் உங்களுடையதாக இருந்தால் மட்டும் அழுத்துங்கள். அழுத்தினால் உங்கள் சொந்த வீடியோவுக்கே நோட்டீஸ் வரும். சேனல் முகவரியைக் கொடுத்து விலக்குக் கேட்டால் நிறுத்துவார்கள்.

9. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பொங்கலுக்கு வெளியிடலாம் என்று பத்து நாள் முன்பு ஏற்றினேன். அட்டைப்படம் திரும்பி வந்தது, கலைஞர் பக்கம் மாறியது, பொங்கல் போய் மாசி வந்தது.

வெளியீட்டுத் தேதிக்கு நாலு வாரம் முன்பு எல்லாம் ஏறியிருக்க வேண்டும். முதல் வாரம் நிறுவனத்தின் பரிசீலனைக்கு; திரும்பி வந்தால் திருத்த இரண்டாவது வாரம். பாட்டு தளங்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஸ்பாட்டிஃபையின் கலைஞர் கணக்கை உங்கள் பெயருக்கு எடுத்து, பாட்டியல் (பிளேலிஸ்ட்) தொகுக்கும் குழுவுக்கு விண்ணப்பம் போடுங்கள். அது வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு போக வேண்டும். வெளியான பிறகு போட முடியாது. அங்கே பாட்டைப் பற்றி எழுத ஒரு பெட்டி இருக்கும். "வித்தியாசமான முயற்சி" என்று எழுதி வீணாக்காதீர்கள். டிக்கெட் கேட்கும் தொனிதான் பல்லவி, நாலாவது தாளத்தில் கண்டக்டர் விசில் என்று எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை வெளியிடுவதுதான் வழக்கம். நான் திங்கட்கிழமை போட்டேன். அன்றைக்குத்தான் பஸ்ஸில் கூட்டம்.

10. வருமானம் இரண்டு வழியில் வரும்

விநியோக நிறுவனம் தருவது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டும். வரிக்கும் மெட்டுக்கும் தனியாகச் சேரும் ராயல்டியை ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு வசூலித்துத் தருகிறது. கவிஞரும் இசையமைப்பாளரும் தனித்தனியாக உறுப்பினர் ஆக வேண்டும். பான், ஆதார், ரத்து செய்த காசோலை, வெளியான பாட்டின் விவரம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு உட்காருங்கள். உறுப்பினர் ஆனால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பங்கு சதவீதத்தோடு அங்கே பதிய வேண்டும். நண்பன் 50 என்றும் நான் 60 என்றும் பதிந்தால் இரண்டு பேருக்கும் வராது. மறுபடியும் அந்த மூன்றாம் படித் தாள்தான். பாடகர்களுக்கு இஸாம்ரா என்று தனி அமைப்பு இருக்கிறது.

எவ்வளவு வரும்? நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ஒலிப்பதிவு ராயல்டியே கணக்கில் வராது. கணக்கு அறிக்கையும் இரண்டு, மூன்று மாதம் தள்ளித்தான் வரும். முதல் மாதமே பூஜ்யம் என்று பார்த்து நிறுவனத்தோடு சண்டை போட்டது நான்தான். அவர்கள் மேல் தப்பில்லை.

11. வீடியோ

பஸ் ஸ்டாண்டு மாநகராட்சியுடையது, அரசு பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. இரண்டு இடத்திலும் தனித்தனியாக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ரயில் நிலையம் என்றால் அந்த மண்டல ரயில்வேயின் மக்கள் தொடர்பு அலுவலகம். ஓடும் பஸ்ஸில் சும்மா போனைத் தூக்கினால் சக பயணிகள் முகம் விழும். பாதிப் பேர் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு வேறெங்கோ போகிறவர்களாகவும் இருக்கலாம், வம்பு எதற்கு. தனியார் பஸ்ஸை அரை நாள் வாடகைக்குக் கேட்டுப் பார்த்தேன், சொன்ன தொகையில் இன்னும் இரண்டு பாட்டு பதிவு செய்யலாம். வரிகள் ஓடும் வீடியோ போட்டு முடித்துக்கொண்டேன்.

12. எனக்கு ஆன செலவு

ஸ்டுடியோ நாலு மணி நேரம் 2,400. தவில் 2,000. கலவையும் இறுதி மெருகும் 5,000. அட்டை 1,000. பதிப்புரிமைப் பதிவு மூன்றுக்கும் 3,000. விநியோகம் 900. விசில் 30. ஆக 14,330 ரூபாய். இதற்கு மேல் தண்டமாகப் போனது பீட்டுக்கு 1,700, மறுகலவைக்கு 2,000. பாடியது நானே என்பதால் அந்தச் செலவு இல்லை. கேட்டவர்களில் சிலர் அது தெரிகிறது என்றார்கள்.

தாள்களை எல்லாம் ஒரே உறையில் வைத்திருக்கிறேன்: பங்குத் தாள், தவில் ரசீது, மூன்று டைரி எண்கள், ஐஎஸ்ஆர்சி, வருமான வரிப் படிவத்தின் நகல். உறைக்கு மேலே அந்த டிக்கெட்டை ஒட்டியிருக்கிறேன். அங்கே விலை இருந்தால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.